நானூறு குப்பிக்கு முப்பத்தாறு

தொழிற்சாலையில் எனக்குச் 'சதவீதம்' என்று பெயர். மரியாதை தெரிந்தவர்கள் 'சதவீதம் அக்கா' என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் பத்திரமாக இருக்கிறது.

நாங்கள் செய்வது மருந்து அடைக்கும் கண்ணாடிக் குப்பி. கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். நீளமான கண்ணாடிக் குழாயை எந்திரம் நெருப்பில் காட்டி, வெட்டி, கழுத்தும் அடியும் வைத்து பெல்ட்டில் தள்ளும். பெல்ட் அதை ஆறவிட்டபடியே பொறுக்கு மேசைக்குக் கொண்டுபோகும். அங்கே விளக்குக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள், கீறல் விழுந்தது, குமிழி உள்ளது, வாய் கோணியது எல்லாவற்றையும் பொறுக்கித் தொட்டியில் போடுவார்கள். பதினோரு வருஷம் நான் அந்த மேசையில் இருந்தேன். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் குப்பி என் கண்ணைத் தாண்டிப் போயிருக்கும் என்று நான் கணக்குப் பார்த்ததில்லை. பார்த்தால் தலை சுற்றும்.

தரப் பிரிவில் ஓர் இடம் காலியானபோது புள்ளியியல் படித்தவர்தான் வேண்டும் என்றார்கள். நான் மாலை வகுப்பில் சேர்ந்தேன். கூடப் படித்தவர்களுக்கு என் வயதில் பாதி. வாத்தியாரே என்னைவிட எட்டு வயது சின்னவர். சந்தேகம் கேட்க எழுந்தால் அவரும் கூடவே எழுந்து நிற்பார். முதல் மாதம் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை. பிறகு ஒரு நாள் அவர் சொன்னது பளிச்சென்று பிடிபட்டது. "இருபதாயிரம் குப்பி இருந்தா இருபதாயிரத்தையும் பார்க்க வேண்டாம் மேடம். நானூறு பார்த்தா போதும். அந்த நானூறுல வர்ற விகிதத்தை வச்சு மொத்தத்தோட விகிதம் எந்த எல்லைக்குள்ள இருக்கும்னு சொல்லிடலாம். ஒரே ஒரு நிபந்தனை. எந்தக் குப்பிக்கும் அந்த நானூறுல வர ஒரே மாதிரி வாய்ப்பு இருக்கணும்."

அந்த நிபந்தனையை நோட்டில் எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன். கோடு போட்டால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

படிப்பு முடிந்ததும் தரப் பிரிவில் ஆறு மாதத் தகுதிகாண் வேலை கிடைத்தது. அதில் கடைசி மாதம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, ஏழு எந்திரத்தில் எது எவ்வளவு கெட்ட குப்பி தள்ளுகிறது என்று தனித்தனியாகக் கேட்டார். இத்தனை வருஷமாக யாருக்கும் அது தெரியாது. ஏழு பெல்ட்டின் கழிவும் ஒரே தொட்டியில் விழுந்து, மறுபடி உருக்கப் போய்விடும். எந்தக் குப்பி எந்த எந்திரத்தின் பிள்ளை என்று யார் கண்டது?

"நூறுக்கு அஞ்சுக்கு மேல போற எந்திரத்தைக் கழட்டிடலாம்னு இருக்கேன். உங்க கூட்டல் கழித்தல் எல்லாம் போட்டு, கழிச்சது போகவும் அஞ்சுக்கு மேல நின்னாதான். அநியாயமா எதையும் நிறுத்த வேண்டாம்" என்றார்.

ஒன்றிலிருந்து ஆறு வரை புது எந்திரங்கள். அவற்றில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்திவிட்டால் ஐம்பது குப்பிக்கு ஒன்று தானாகவே சாம்பிள் தட்டில் விழும். ஏழாவது பழசு. அதில் பொத்தானும் கிடையாது, தட்டும் கிடையாது. பெல்ட் பக்கத்தில் நின்று கையால்தான் எடுக்க வேண்டும்.

ஏழாவதை ஓட்டுகிறவர் என் அண்ணன்.

இருபத்தாறு வருஷமாக அவர் அதில்தான் இருக்கிறார். என்னைப் பொறுக்கு மேசையில் சேர்த்துவிட்டதும் அவர்தான். எந்திரம் போனால் அவருக்கு வேறு எந்திரம் இல்லை. மற்ற ஆறுக்கும் ஆள் இருக்கிறது. லாரியில் பெட்டி ஏற்றப் போகலாம், இல்லாவிட்டால் வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். ஐம்பத்திரண்டு வயது, வலது முழங்கால் மடங்காது. அவர் பெட்டி தூக்குகிற லட்சணத்தை யோசிக்கவே வேண்டாம்.

கேன்டீனில் உடனே பேச்சு கிளம்பிவிட்டது. "அண்ணன் எந்திரத்துக்குத் தங்கச்சி சாம்பிள். ஏழு பாஸ், மத்ததைப் பாருங்கப்பா" என்று ஒருவன் என் காதுபடவே சொன்னான். மேனேஜரும் இதமாகக் கேட்டார். "ஏழாவதை மட்டும் வேற யாராவது எடுக்கட்டுமா?"

"வேண்டாம் சார். நானே எடுக்கிறேன்" என்றேன். எனக்குச் சுருக்கென்று இருந்தது. நேர்மையில் என்னைச் சந்தேகப்படுவதா? நான் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவள் என்பதை இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் வரப்போவதற்கு அதுதான் வேர்.

ஏழாவதன் பெல்ட்டுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் நின்று நானூறு குப்பி எடுத்தேன். எவ்வளவு சுத்தமாக எடுத்தேன் தெரியுமா? குப்பிகளைப் பார்க்கவே இல்லை. எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பு வாளிகளைப் பார்த்துக்கொண்டே கையை நீட்டி, கையில் அகப்பட்டதை எடுத்துத் தட்டில் வைத்தேன். பிறகு தரப் பிரிவு அறையில் விளக்கடியில் ஒவ்வொன்றாகச் சோதித்தேன். நானூற்றில் முப்பத்தாறு கெட்டது. நூற்றுக்கு ஒன்பது.

மறுபடியும் சோதித்தேன். முப்பத்தாறுதான். மற்ற ஆறு எந்திரத்திலும் இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் வந்திருந்தது. கொஞ்சம் மட்டும் எடுத்துப் பார்ப்பதால் முன்பின் போகக்கூடிய பிழை வரம்பு இரண்டு புள்ளி எட்டு; ஒன்பதிலிருந்து அதைக் கழித்தாலும் ஆறு புள்ளி இரண்டு. ஐந்துக்கு மேல்.

அண்ணனுக்கு வேலை போய்விடுமே என்று வருத்தம்தான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும்; அந்த வருத்தத்துக்கு அடியில் ஒரு பெருமையும் இருந்தது. கேன்டீன்காரர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் இல்லையா? தாளை எடுத்துக்கொண்டு விறைப்பாக மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உங்க அண்ணனோட எந்திரம்னு தெரிஞ்சும் இப்படிக் கொடுக்கிறீங்களே" என்றார். அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டு வந்தேன்.

அன்றிலிருந்து அண்ணன் என்னோடு பேசவில்லை. பத்து மணி டீக்கு நாங்கள் இரண்டு பேரும் குழாயடிப் பக்கம் நிற்பது வழக்கம், அவர் வரவில்லை. நான் எந்திரத்துக்குப் போனால் எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடுவார். கோபமாக இருக்கிறார், இருக்கட்டும், கோபம் ஆறினால் புரியும் என்று நினைத்தேன். எனக்கும் வீம்பு குறைச்சலில்லை.

நாலாம் நாள் அண்ணி வீட்டுக்கே வந்துவிட்டாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் ஆரம்பித்தாள்.

"அது என்ன கூட்டல் கழித்தல்னு ஏதோ சொன்னியாமே. எனக்கு விளங்குற மாதிரி சொல்லு."

"நூறுக்கு ஒன்பது கெட்டதுன்னு வந்திருக்கு அண்ணி. அது கொஞ்சம் மேலயும் இருக்கலாம், கொஞ்சம் கீழயும் இருக்கலாம்."

"கீழன்னா எவ்வளவு?"

"ஆறு புள்ளி ரெண்டு வரைக்கும்."

"இன்னும் ஒண்ணரை கீழ போனா என்ன, தரை தட்டிடுமா?"

"அப்படியெல்லாம் நம்ம இஷ்டத்துக்குப் போக முடியாது அண்ணி."

"உன் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு கேட்டதுக்குக் குத்துமதிப்பா முந்நூறுன்னு சொன்னவ நீ. வந்தது ஐந்நூறு. சாப்பாடு பத்தாம உன் அண்ணன் ஊரெல்லாம் சைக்கிள்ல அலைஞ்சார். இப்ப அவர் விஷயத்துல மட்டும் புள்ளி ரெண்டா உனக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "ராத்திரி தூங்க மாட்டேங்கிறார். எழுந்து உட்கார்ந்து கையை விரிச்சு விரிச்சுப் பார்த்துக்கிறார். என்னன்னு கேட்டா ஒண்ணுமில்லைங்கிறார்" என்றாள். கோபக்காரர்கள் தூங்க மாட்டார்கள்தான் என்று நான் எனக்குள் சொல்லிக்கொண்டேன். அண்ணி டீகூடக் குடிக்காமல் போனாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை புது எந்திரங்களுக்குப் போகும் எரிவாயுக் குழாயில் பழுது பார்த்தார்கள். ஆறும் நின்றன. ஏழாவதுக்குத் தனிக் குழாய் இருப்பதால் அது மட்டும் ஓடியது. மேனேஜர் முடிவெடுக்கும் முன் இன்னொரு தடவை எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று காலையிலேயே பெல்ட்டுக்குப் போனேன். அதே இடம், அதே வாளிகள், அரை மணி நேரத்தில் நானூறு. கெட்டது முப்பத்தைந்து. ஏறக்குறைய அதே கதைதான். என் எண்ணிக்கை நூல் பிடித்த மாதிரி இருக்கிறது என்று எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டேன்.

கெட்டதைத் தொட்டியில் கொட்டப் போனபோது பொறுக்கு மேசையின் மூத்தவள், நாங்கள் பெரியக்கா என்று கூப்பிடுகிறவள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டி, எங்க பொழப்புல மண்ணைப் போடலாம்னு பார்க்கிறியா?"

"நான் என்ன பண்ணேன் பெரியக்கா?"

"நீ அங்க நிக்கிற வரைக்கும் எங்களுக்கு வேலையே இல்ல. எல்லாம் நல்ல குப்பியா வருது. சும்மா கையைக் கட்டிட்டு உட்கார்ந்திருந்தோம். நீ அந்தப் பக்கம் போனதும்தான் கெட்டது வருது."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அறைக்குப் போய்விட்டேன். சாப்பாட்டு நேரத்தில்தான் அது உறுத்த ஆரம்பித்தது.

அன்றைக்குத் தொட்டியில் ஏழாவதன் கழிவு மட்டும்தான் இருந்தது. இத்தனை வருஷத்தில் முதல் தடவை. எந்திரத்தில் குப்பியை எண்ணும் கருவி காலையிலிருந்து பன்னிரண்டாயிரம் குப்பி காட்டியது. தொட்டியை இழுத்துத் தராசில் வைத்தேன். தொட்டியின் எடை போக மூன்றேகால் கிலோ. குப்பி ஒன்று பத்து கிராம். அப்படியானால் முந்நூற்று இருபத்தைந்து. பன்னிரண்டாயிரத்துக்கு முந்நூற்று இருபத்தைந்து என்றால் நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. இரண்டு புள்ளி ஏழு.

ஒன்பது எங்கே, இரண்டு புள்ளி ஏழு எங்கே? பொறுக்குகிறவர்கள் கெட்டதைக் கோட்டைவிட்டிருப்பார்கள் என்று பெட்டியில் அடுக்கியதிலிருந்து ஐந்நூறு எடுத்துப் பார்த்தேன். ஒன்றே ஒன்றுதான் கெட்டது. அவர்கள் மேல் தப்பு இல்லை. இருபது தடவை எடுத்தால் ஒரு தடவை இந்த எல்லை பிசகும் என்று வாத்தியார் சொல்லியிருக்கிறார். அந்த ஒரு தடவையாக இருக்குமோ? ஆனால் இரண்டு தடவையும் ஒரே பக்கமாக, இவ்வளவு தூரமா பிசகும்?

பாடப் புத்தகத்தின் கடைசியில் வெறும் எண்களாகவே இரண்டு பக்கம் இருக்கும். முன்பின் சம்பந்தமில்லாமல் போட்ட எண்கள். வகுப்பில் அதைக் காட்டியபோது, வேலையில்லாதவன் செய்த வேலை என்று நினைத்திருந்தேன். அதைக் கொண்டுபோய்ப் பெரியக்காவிடம் கொடுத்து, ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். மூன்று என்றால் மூன்றாவது குப்பி. எட்டு என்றால் அதிலிருந்து எட்டாவது. பூஜ்யம் வந்தால் பத்தாவது.

"நாலு" என்றாள் பெரியக்கா.

ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். நாலாவது வரும்போது என் கை அதை விட்டுவிட்டு, பின்னால் வந்த ஐந்தாவதுக்குத் தாவியது. நான் தாவச் சொல்லவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொள்வதற்குள் குப்பி விரலிடுக்கில் வந்துவிட்டது. விளக்கில் காட்டினேன். கழுத்தில் கடுகளவு குமிழி.

நல்ல பொறுக்குகாரி குப்பியை உற்றுப் பார்க்க மாட்டாள். பார்வையை எங்கேயோ வைத்திருப்பாள். கெட்ட குப்பி ஓரக்கண்ணில் ஒரு மாதிரி மின்னும், கை தானாகப் போகும். இதைப் புதிதாக வரும் பெண்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அது நேர்மை இல்லை, பதினோரு வருஷப் பழக்கம். புது எந்திரத்தில் பொத்தான் எடுத்தது. ஏழாவதில் பொறுக்குகாரி எடுத்தாள். அண்ணனின் கெட்ட குப்பிகளை அந்த அரை மணி நேரத்தில் ஒன்றுவிடாமல் வாரி எடுத்து, இதுதான் இந்த எந்திரத்தின் லட்சணம் என்று மேலே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

இடது கையால் எடுத்தேன், எண்ணிக்கை தவறாமல், பல்லைக் கடித்துக்கொண்டு. முக்கால் மணி நேரத்துக்கும் மேலாயிற்று. நானூற்றில் பதினொன்று கெட்டது. பிழை வரம்பைக் கூட்டினாலும் ஐந்தைத் தொடவில்லை.

அண்ணன் நாற்பது அடி தள்ளி எந்திரத்துக்கு முன்னால் முதுகைக் காட்டி நின்றிருந்தார். போய்ச் சொல்லியிருக்கலாம். நாற்பது அடிதானே?

போகவில்லை. இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கு நானே பூசி மெழுகினேன். காரணம் அது இல்லை. மறுநாள் சனிக்கிழமை என் ஆறு மாதம் முடிகிறது. மேனேஜர் வேலையை உறுதிசெய்து கையெழுத்துப் போடப்போகிறார். அதற்கு முந்தின நாள் போய், 'சார், நான் கொடுத்தது தப்பு, எனக்குச் சாம்பிள் எடுக்கத் தெரியவில்லை' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திங்கட்கிழமை சொன்னால் குடியா முழுகிவிடும் என்று நினைத்தேன். முடிவெடுக்க இந்த மாதக் கடைசிவரை நாள் இருக்கிறது, எந்திரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, ஒருவருக்கும் நஷ்டமில்லை. இப்படியே அடுக்கிக்கொண்டு போனேன்.

சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேனேஜர் கையெழுத்துப் போட்ட தாளை வாங்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினேன். அண்ணன் ஏறி வந்துகொண்டிருந்தார். வேலைச் சட்டை இல்லை. தேய்த்த வெள்ளைச் சட்டை. படியின் நடுவில் நின்று என் கையில் இருந்த தாளைப் பார்த்தார்.

"உறுதியாயிடுச்சா?"

"ஆயிடுச்சு அண்ணா."

"நல்லது" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு. லீவு கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை எண்ணிக்கையைச் சொல்லாமலே இறங்கிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போனது என்று நினைவில்லை. திங்கட்கிழமை முதல் ஆளாக மேனேஜர் அறையில் நின்றேன். தொட்டி எடை, முப்பத்தைந்து, பதினொன்று, என் கை, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். புது எண்ணிக்கை எழுதிய தாளையும் நீட்டினேன், அவர் பழையதை வெளியே எடுத்தார். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கை தானா போகுதா?" என்றார்.

"ஆமா சார்."

"இனிமே ஏழுக்கு அந்த எண் பக்கத்தை வச்சே எடுங்க. ஏழு ஓடட்டும். தப்புன்னு வந்து சொன்னீங்களே, அது போதும்." அவர் நல்ல மனிதர். அதனால்தான் அடுத்ததைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் தயங்கினார். "ஆனா உங்க அண்ணன் சனிக்கிழமை எழுதிக் கொடுத்துட்டுப் போயிட்டாரே."

"என்ன எழுதிக் கொடுத்தார்?"

"இந்த மாசத்தோட வேலையை விட்டுடுறேன்னு. நான் அவசரப்படாதீங்கன்னு சொன்னேன். கேட்கல. இன்னும் மேல அனுப்பல, இங்கதான் இருக்கு. ஆனா அவரா வந்து கேட்டாதான் நான் திருப்பித் தர முடியும். நான் கிழிச்சுப் போட முடியாது."

எந்திரத்துக்கு ஓடினேன். அண்ணன் சுடரின் அளவைக் கூட்டிக்கொண்டிருந்தார். பிறகு குறைத்தார். அவர் அப்படி மாற்றி மாற்றித் திருகி நான் பார்த்ததில்லை. ஒரு தடவை வைத்தால் வைத்ததுதான்.

"அண்ணா, எண்ணிக்கை தப்பு. ஏழுல கெட்டது மூணுகூட இல்ல. நான் எடுத்த விதம் தப்பு. நீங்க போய்க் கேட்டா கடிதத்தைத் திருப்பித் தர்றேன்னு மேனேஜர் சொல்றார்."

அவர் திரும்பவில்லை. "எனக்காகச் சொல்லாதம்மா. நீ பொய் சொல்லி நான் பார்த்ததில்ல. இந்த வயசுல ஆரம்பிக்காதே."

"பொய் இல்ல அண்ணா. கோபத்துல இருக்கீங்க, அதனாலதான்..."

இப்போது திரும்பினார். "கோபமா? உன்மேல எனக்கென்ன கோபம்?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "எனக்குக் கை போயிடுச்சுன்னு நினைச்சேன். உன் முகத்துல முழிக்க வெட்கமா இருந்துச்சு. இருபத்தாறு வருஷம் நல்லா ஓட்டுறேன்னு நினைச்சுட்டு இருந்திருக்கேன். அந்த எண்ணிக்கையை வேற யார் சொல்லியிருந்தாலும் போடான்னுருப்பேன். சொன்னது நீ. கண் டாக்டர்கிட்டகூடப் போனேன். கண்ணுல ஒண்ணுமில்லைன்னுட்டார். அப்ப கைதான்னு முடிவு பண்ணேன்."

இத்தனை நாளும் நான் அவருடைய கோபத்தைத் தாங்கிக்கொள்கிற பெரிய மனுஷியாக நடந்துகொண்டிருந்தேன்.

அவரை நம்பவைக்க நான் சொல்லிப் பிரயோஜனமில்லை. அன்றைக்கும் நான்தான் சொன்னேன், இன்றைக்கும் நான்தான் சொல்கிறேன். புத்தகத்தைக் கொண்டுவந்தேன். "நீங்களே எடுங்க. நான் எண்ணை மட்டும் படிக்கிறேன்" என்றேன். வேண்டா வெறுப்பாக பெல்ட் பக்கம் வந்தார். அவர் பொறுக்குகாரர் இல்லை. குப்பியை எடுக்கத் தெரியாமல் இரண்டை உருட்டிவிட்டார். பெரியக்கா உச்சுக் கொட்டினாள். நான் ஆறு என்றால் ஆறாவது, ஒன்று என்றால் அடுத்தது. விளக்கடியில் சோதிக்கும்போது என்னைத் தொடவே விடவில்லை. சந்தேகமாக இருந்த ஒரு குப்பியைக்கூடக் கெட்ட பக்கமே வைத்தார்.

"பன்னிரண்டு" என்றார் கடைசியில். மறுபடி எண்ணினார். "நானூறுக்குப் பன்னிரண்டுன்னா?"

"நூறுக்கு மூணு."

"புது எந்திரம்?"

"அதேதான் அண்ணா. ரெண்டரை, மூணு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். பிறகு சிரித்தார், பெரியக்கா திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சத்தமாக. "உன்னைப் பழசுன்னு எல்லாரும் கேவலமா பார்த்தாங்களேடா" என்று எந்திரத்தைப் பார்த்துச் சொன்னார். "அப்ப என் கையில ஒண்ணுமில்ல. உன் கையிலதான் கோளாறு."

"என் கையிலதான் அண்ணா."

"இருக்கட்டும் விடு. பதினோரு வருஷம் பொறுக்கின கை, அது வேற என்ன செய்யும்?" வேலைத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். இத்தனை நாளுக்குப் பிறகு அவர் முகத்தில் களை வந்திருந்தது. எழுந்திருக்கும்போதுதான் சாதாரணமாகக் கேட்டார். "இது எப்பத் தெரிஞ்சுது உனக்கு?"

இன்றைக்குக் காலையில் என்று சொல்லியிருக்கலாம். யாரும் போய்ச் சரிபார்க்கப் போவதில்லை. பெரியக்காகூட வாயைத் திறக்க மாட்டாள்.

"வெள்ளிக்கிழமை மத்தியானம்."

அவர் துணியை மடித்தார். "படியில பார்த்தோமே, சனிக்கிழமை."

"ஆமா."

"அப்பத் தெரியும்."

"தெரியும் அண்ணா."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் தேவலை என்று இருந்தது. துணியை எந்திரத்தின் கம்பியில் போட்டுவிட்டு, கடிதத்தைக் கேட்டு வாங்கப் புறப்பட்டார்.

"நானும் வரட்டுமா அண்ணா?"

"வேண்டாம். எந்திரத்தைப் பார்த்துக்கோ" என்றார்.

மடங்காத காலை ஒவ்வொரு படியிலும் பக்கவாட்டில் தூக்கி வைத்து ஏறினார். நான் ஏழாவதன் முன்னால் நின்றுகொண்டேன். ஓடுகிற எந்திரத்தை ஆளில்லாமல் விடக் கூடாது.